டொமைன் கன்ட்ரோலர் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்டேட் போடும் முன் சர்வரின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைப்பதும், கோளாறு என்றால் அதற்கே திரும்புவதும் பல நிர்வாகிகளுக்குக் கைவந்த பழக்கம். மற்ற சர்வர்களுக்குப் பொருந்தும் இந்தப் பழக்கத்தை ஆக்டிவ் டைரக்டரியை, அதாவது நிறுவனத்தின் பயனர், கணினிக் கணக்குகளின் பதிவேட்டை, இயக்கும் டொமைன் கன்ட்ரோலரிடம் காட்டவே கூடாது.

ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன்னிடம் நிகழும் மாற்றங்களுக்கு யுஎஸ்என் என்ற ஏறுமுக எண்ணை இடுகிறது. அவற்றை வாங்கிக்கொள்ளும் மற்ற கன்ட்ரோலர்கள் எந்த எண் வரை பெற்றுக்கொண்டோம் என்று குறித்துவைக்கின்றன. 5,000 வரை அனுப்பிவிட்ட சர்வரைப் பழைய ஸ்னாப்ஷாட்டால் 4,000க்கு இழுத்துவிட்டால், அதில் அடுத்து உருவாக்கும் கணக்கு 4,001 என்று எண் பெறும். மற்றவையோ அதை ஏற்கெனவே வாங்கியதாகக் கருதிக் கேட்காமலே இருந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஊழியரால் ஒரு கிளையில் லாகின் செய்ய முடியும். இன்னொரு கிளையிலோ அப்படியொரு கணக்கே இருக்காது. விண்டோஸ் சர்வர் 2012 முதல், மெய்நிகர் சர்வர்களை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரும் ஆதரித்தால், சர்வர் தான் பின்னால் இழுக்கப்பட்டதை உணர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் பழைய டிஸ்க் கோப்பை அதே இடத்தில் நகலெடுத்து வைப்பவரை அந்த ஏற்பாடு காப்பாற்றாது.

மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கன்ட்ரோலரை மீண்டும் இயக்குவதும் இதே வகைத் தவறுதான். நீக்கிய கணக்கின் தடயம் இயல்பாக 180 நாட்களும், மிகப் பழைய அமைப்புகளில் 60 நாட்களும் மட்டுமே காக்கப்படும். அதற்குப் பின் விழித்தெழும் சர்வருக்கு நீக்கம் நடந்ததே தெரியாது. அதைச் சேர்க்காமல், பழைய பதிவுகளைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே நல்லது.

டொமைனில் உள்ள கணினிகளுக்கு 8.8.8.8 போன்ற வெளி டிஎன்எஸ் (கணினிப் பெயருக்குரிய முகவரியைத் தேடித்தரும் சேவை) முகவரியைத் துணைக்காகக்கூடக் கொடுக்க வேண்டாம். கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை அனுமதி மறுக்கும்.

நான்கு கன்ட்ரோலர்கள் இருக்கையில் பேக்கப் எதற்கு என்ற எண்ணமே எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒன்றில் நீக்கியது சற்று நேரத்தில் நான்கிலும் நீங்கிவிடும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் சுமார் 150 கன்ட்ரோலர்களில் ஒன்று தவிர எல்லாம் ஒருசேர அழிந்தன. கானாவில் மின்வெட்டால் இணைப்பற்றிருந்த ஒன்றுதான் தப்பியது. அதிலிருந்த தரவை ஆள் மூலம் நைஜீரியா வழியாக இங்கிலாந்துக்குக் கொண்டுசேர்த்தே மீட்சி தொடங்கியது.

ஆகவே குறைந்தது இரண்டு கன்ட்ரோலர்களின் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்பை (ஆக்டிவ் டைரக்டரியும் அடங்கிய கணினி நிலையின் நகலை) நெட்வொர்க்கோடு ஒட்டாத இடத்தில் வையுங்கள். மேலே சொன்ன 180 நாட்களைத் தாண்டிய பேக்கப் உதவாது. மீட்பு முறைக்கான டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டு பெரும்பாலும் நிறுவிய நாளோடு மறந்துபோகிறது. சில இடங்களில் அது டொமைன் கணக்கால் மட்டுமே திறக்கும் பெட்டகத்தில் கிடக்கிறது. அதை உறையிலிட்டுப் பூட்டிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் தனித்த சோதனை நெட்வொர்க்கில் அதைக்கொண்டே பேக்கப்பை மீட்டுப் பாருங்கள்.