புதிய கெளுத்தி மீனை விவரித்துப் பெயரிடும் முறை

வலையில் விழுந்த கெளுத்தி இதுவரை கண்டிராத நிறத்தில் இருக்கிறது என்பதால் மட்டும் அது புதிய சிற்றினம் ஆகிவிடாது. ஏற்கெனவே பெயர் பெற்ற உறவினங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் அது எந்த உறுப்பில், எந்த அளவில் வேறுபடுகிறது என்று காட்டிய பிறகே ஆகும். கேரளத்தின் சாலக்குடி ஆறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலையாளத்தில் மஞ்ஞக்கூரி எனப்படும் மஞ்சள் கெளுத்தியை விலங்கியலாளர் குந்தர் 1864-இல் விவரித்தார். மீனியலாளர் ஜெயராம் 1955-இல் அதற்கு ஹோராபாக்ரஸ் என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். அந்த மீனின் தோளில் வட்டமான கரும்புள்ளி இருக்கும். சாலக்குடியில் கிடைத்த மற்றொரு மீனிலோ கருமை பிடரியின் மேல் கழுத்துப்பட்டை போலப் படர்ந்திருந்தது. ரோஹன் பெத்தியகொடவும் மோரிஸ் கொட்டெலாட்டும் 1994-இல் அதை ஹோராபாக்ரஸ் நைக்ரிகொலாரிஸ், அதாவது கருங்கழுத்து உடையது, எனப் பெயரிட்டு விவரித்தனர்.

ஆற்றில் இறங்கும் முன்பே அனுமதிகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். காப்புக்காடுகளுக்குள் ஓடும் பகுதி என்றால் வனத்துறையின் எழுத்துவழி இசைவு கட்டாயம் வேண்டும். மீனைக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி, உயிர்நிறம் மங்குவதற்குள் இடப்பக்கத்தைப் படமெடுங்கள், ஏனெனில் உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் மஞ்சளும் சிவப்பும் விரைவில் போய்விடும். மரபணு ஆய்வுக்கான துடுப்புத் துண்டை வலப்பக்கத்திலிருந்து வெட்டி அடர் எத்தனாலில் இடுவதை ஃபார்மலினுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். பின்னர் ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்த கரைசலில் உடலை நேராகக் கிடத்தி இறுக விட்டு, நீரில் நன்றாக அலசி, 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றுங்கள். மார்புத் துடுப்பு முட்கள் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், குத்தினால் கடுக்கும். வலையிலிருந்து எடுக்கும்போது அவசரப்படாதீர்கள்.

அளவெடுப்பதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. கெண்டை இனங்களில் பக்கக்கோட்டுச் செதில்களை எண்ணியே பாதி அடையாளம் கண்டுவிடலாம். கெளுத்திக்குச் செதிலே இல்லை. ஆகவே மீசைகள் ஒவ்வொன்றும் எதுவரை எட்டுகின்றன, முதுகு முள்ளிலும் மார்பு முள்ளிலும் எத்தனை பற்கள் உள்ளன, முதுகுத் துடுப்புக்குப் பின்னால் உள்ள கொழுப்புத் துடுப்பின் அடி எவ்வளவு நீளம், குதத் துடுப்பில் எத்தனை கதிர்கள், மார்புத் துடுப்புக்கு மேலே பின்னோக்கி நீளும் தோள் எலும்பின் வடிவம் என்ன என்பவற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை உள்ள நிலையான நீளத்தின் விழுக்காடாக உடல் அளவுகளையும், தலை நீளத்தின் விழுக்காடாகக் கண், மூக்கு, மீசை ஆகியவற்றையும் தாருங்கள். முள்ளெலும்புகளை எக்ஸ்ரே எடுத்து எண்ணுங்கள். சிறு மீனுக்குக் கண் ஒப்பளவில் பெரிதாக இருக்கும் என்பதால், குஞ்சைப் பெரிய மீனுடன் ஒப்பிட்டுக் 'கண் பெரியது' என எழுதுவது பெரும் பிழை. ஒரே ஒரு மீனை வைத்துப் பெயரிடுவதை விதிகள் தடுக்கவில்லை. ஆனால் மாறுபாட்டின் வீச்சைக் காட்ட வழியில்லாத விவரிப்பை நான் ஏற்கத் தயங்குவேன்.

அடுத்து, பழைய பெயர்களுக்குள் இறங்குங்கள். கலிபோர்னிய அறிவியல் அகாதெமி இணையத்தில் பேணும் எஷ்மேயர் மீன் பட்டியலில், அந்தப் பேரினத்தில் இன்று செல்லும் பெயர்களோடு, வேறொன்றின் மறுபெயர் என ஒதுக்கப்பட்டவற்றையும் தேடிப் பாருங்கள். உங்கள் மீன் அவற்றுள் ஒன்றாக இருந்தால் அந்தப் பழைய பெயருக்கே முன்னுரிமை, புதுப்பெயர் வீணாகும். அந்தப் பெயர்களுக்கு அடிப்படையான மூல மாதிரிகளை அருங்காட்சியகத்தில் நேரில் பாருங்கள், இயலாவிடில் படமும் எக்ஸ்ரேயும் கேட்டு வாங்குங்கள். மரபணு வேறுபாட்டின் விழுக்காடு ஒன்றை மட்டும் கொண்டு முடிவுகட்டாமல், உடலமைப்போடு சேர்த்து வாதிடுவதே நல்லது. தோற்றத்தில் பிரித்தறிய முடியாத இனங்களில் மட்டும் மரபணுவே முதற்சான்றாகிறது. கேரளக் கிணறுகளில் வாழும் குருட்டுக் கெளுத்தியான ஹோராகிளானிஸ் பாப்புலி 2023-இல் அவ்வாறுதான் விவரிக்கப்பட்டது. 'மக்களின்' என்று பொருள்படும் அப்பெயர், தங்கள் கிணற்றில் வந்த மீனைத் தெரிவித்த பொதுமக்களுக்கான மரியாதை.

சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு இயைய வேண்டும். ஆணைச் சிறப்பிக்கும் பெயர் பொதுவாக 'இ' எனவும், பெண்ணைச் சிறப்பிப்பது 'ஏ' எனவும் முடியும். இது புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்வதும், பிரித்தறியும் பண்புகளைச் சொற்களில் எழுதுவதும், ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அப்பெயருக்கு ஆதாரமான மாதிரி, எனக் குறித்து அது இருக்கும் காப்பகத்தைக் கூறுவதும் விலங்குப் பெயரிடல் விதிகளின்படி கட்டாயம். மின்வடிவில் மட்டும் வெளிவரும் இதழாயின் விலங்குப் பெயர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடான ஜூபேங்கில் செய்த பதிவையும் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், புதிய இனத்தின் மாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கக் கோருகிறது. இந்திய விலங்கியல் அளவைத் துறை அவற்றுள் ஒன்று. ஹோலோடைப்போடு சேர்த்து விவரித்த துணைமாதிரிகளை இரண்டு மூன்று காப்பகங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பதிவு எண்கள் கைக்கு வந்த பின்னரே கட்டுரையை இதழுக்கு அனுப்புங்கள்.