சர்ஃபாக்டன்ட் அளக்கும்போது கோட்டை விடும் இடங்கள்

சலவைத்தூள், ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றிலும் உள்ள சர்ஃபாக்டன்ட் (அழுக்கை நீக்கும் பொருள்) கடைசியில் சாக்கடைக்குத்தான் போகிறது. அந்த நீரை எல்சி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) ஓட்டினால் லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில்கூடக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பல தவறுகள் மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. சர்ஃபாக்டன்ட் நீருக்குள் சும்மா இருக்காது. கண்ணாடி, பிளாஸ்டிக், நுரை, மிதக்கும் துகள் என்று எந்தப் பரப்பு கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டிலை மாதிரி நீராலேயே அலசிவிட்டு நிரப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது வேண்டாம். அலசும்போதே சுவரில் கொஞ்சம் ஒட்டி, பிறகு நிரப்பும் நீரின் கணக்கில் அதுவும் சேர்ந்து அளவு கூடிவிடும். நிரப்பிய பாட்டிலிலிருந்து பாதியை மட்டும் ஊற்றி எடுத்தால் எதிர்த் தவறு: சுவரில் ஒட்டியது அங்கேயே தங்கிவிடும். முழு மாதிரியையும் பயன்படுத்துங்கள், அப்புறம் காலி பாட்டிலை மெத்தனாலால் அலசி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டும் தாளும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். துகளில் ஒட்டியதையும் சேர்த்துச் சொல்லப்போகிறீர்களா, கரைந்ததை மட்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது பாத்திரம் கழுவும் இடம். சோப்புத் திரவத்தில் கழுவிய குடுவையில் தூய நீரை ஊற்றி பிளாங்க் (மாதிரி இல்லாத வெறும் ஓட்டம்) ஓட்டிப் பாருங்கள். எம்/இசட் (அயனியின் நிறைக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள விகிதம்) 325-இல் ஒரு பீக் எழுந்து நின்றாலும் ஆச்சரியமில்லை. அது சலவைப் பொருட்களில் உள்ள சர்ஃபாக்டன்டான லீனியர் அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட், சுருக்கமாக எல்ஏஎஸ். எதை அளக்கப்போகிறோமோ அதையே போட்டுக் கழுவியிருக்கிறோம்! மெத்தனாலில் அலசிய பாத்திரமும், ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு பிளாங்க்கும் கட்டாயம் வேண்டும்.

மாதிரியை மேசையில் விட்டுவிட்டு மறுநாள் பார்ப்பதும் தவறு. எல்ஏஎஸ்ஸைப் பாக்டீரியா தின்றுவிடும். உடனே 4 டிகிரியில் வையுங்கள். தாமதமாகும் என்றால் ஃபார்மலின் சேர்க்கலாம்.

கருவியில் பெரிய தவறு, கலவையை ஒரே பொருளாக நினைப்பது. எல்ஏஎஸ்ஸில் சங்கிலி 10 முதல் 13 கார்பன் வரை இருக்கும். முறையே எம்/இசட் 297, 311, 325, 339. நான்குமே உடைந்து 183 என்ற ஒரே துண்டைத் தரும். ஆற்றுநீரில் இவற்றின் விகிதம், கடையில் வாங்கிய ஸ்டாண்டர்டில் (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) இருப்பதுபோல் இருக்காது, ஏனென்றால் நீண்ட சங்கிலி சீக்கிரம் சேற்றில் படிந்துவிடும். அதனால் நான்கையும் தனித்தனியாக அளந்து, பிறகு கூட்டுங்கள்.

எத்தாக்சி அலகுகள் சங்கிலியாகத் தொடரும் எத்தாக்சிலேட் வகை சர்ஃபாக்டன்டில் சிக்கல் இன்னும் அதிகம். ஆல்கஹால் எத்தாக்சிலேட்டை யுவி டிடெக்டரில் (புற ஊதா ஒளியை உறிஞ்சுவதை வைத்து அளப்பது) பார்க்க முடியாது. எலெக்ட்ரோஸ்ப்ரேயில் (மாதிரியைத் தெளித்து அயனியாக்கும் பகுதி) சோடியத்தோடு சேர்ந்த அயனி எளிதில் உடையாது. நகரும் கரைசலில் அம்மோனியம் அசிடேட் சேர்த்தால் அம்மோனியம் அயனி கிடைக்கும், அது நன்றாக உடையும். எத்தாக்சி அலகு ஒன்றே ஒன்று உள்ளது மிகக் குறைவான சிக்னல்தான் தரும். அதை நீளமானவற்றின் ஸ்டாண்டர்டை வைத்துக் கணக்கிட்டால் உண்மையைவிடக் குறைத்துச் சொல்வோம். ஓர் எத்தாக்சி அலகின் நிறையான 44 இடைவெளியில் பீக் வரிசை தெரிந்தவுடன் எத்தாக்சிலேட் என்று முடிவு கட்டவும் கூடாது, பாலிஎத்திலீன் கிளைக்காலும் அதே வரிசைதான் தரும்.

கிருமிநாசினிகளில் உள்ள நேர்மின் சர்ஃபாக்டன்டான பென்சால்கோனியம் குளோரைடு கருவியின் குழாயிலேயே ஒட்டும். அடர்த்தியான ஸ்டாண்டர்டுக்குப் பின் பிளாங்க் ஓட்டாமல் அடுத்த மாதிரிக்குப் போகாதீர்கள்.

கழிவுநீரின் மற்ற பொருட்கள் சிக்னலை அமுக்கும் என்பதால் ஐசோடோப்பு இட்ட உள்-ஸ்டாண்டர்ட் (கனமான ஐசோடோப்பு கொண்ட அதே பொருளைத் தெரிந்த அளவில் சேர்ப்பது) நல்லது. கிடைக்காவிட்டால், மாதிரியிலேயே தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைச் சேர்த்து அளங்கள். அறிக்கையில் ‘மொத்த சர்ஃபாக்டன்ட்’ என்று எழுதாமல், ‘எல்ஏஎஸ், சி10 முதல் சி13 வரை’ என்று எழுதுங்கள். நிறத்தை வைத்து அளக்கும் மெத்திலீன் நீலச் சோதனை எதிர்மின் சர்ஃபாக்டன்ட் எல்லாவற்றையும், சில குறுக்கீடுகளையும் சேர்த்துக் காட்டும். அந்த எண்ணோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது.