லத்தீனில் மங்கிய ஒளியும் கழுவுதலும்: குழம்பாமல் பிரித்தறிய

'சுப்லூகேயோ' என்றால் மங்கலாக ஒளிர்வது. 'சுப்லுவோ' என்றால் அடியைக் கழுவிக்கொண்டு ஓடுவது. லத்தீன் படிக்கத் தொடங்கும் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தமிழ் தெரிந்தவருக்கு இது உண்மையில் சுலபம்.

படி 1: உகரத்தைப் பாருங்கள். நெடில் என்றால் ஒளி, குறில் என்றால் கழுவுதல். 'லூக்ஸ்' ஒளி, 'லூமென்' வெளிச்சம், 'லூனா' நிலா. நல்ல அகராதிகளில் நெடில் எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். 'தீலூகுலும்' விடியற்காலை, 'தீலுவியும்' பெருவெள்ளம். ஒரு மாத்திரைதான் முக்கிய வித்தியாசம்!

படி 2: முன்னொட்டைக் கழற்றுங்கள். 'சுப்' என்றால் கீழே. ஒளியோடு சேர்ந்தால் 'கொஞ்சமாக' என்ற பொருள் தரும். சீசர் ஒரு குன்றைப் பற்றி எழுதும்போது, அதன் அடியை ஆறு கழுவி ஓடியதைச் சொல்ல 'சுப்லுவோ'வைத்தான் பயன்படுத்துகிறார்.

படி 3: 'லவோ'வை அடையாளம் காணுங்கள். கழுவு என்பதற்கு மூலச்சொல் இதுதான். முன்னொட்டு சேர்ந்தால் தேய்ந்து 'லுவோ' ஆகிவிடும்: 'அப்லுவோ' கழுவி நீக்குவது, 'தீலுவோ' கரைத்து நீர்க்கச் செய்வது. ஆனால் 'லுவோ' தனியாக வந்தால் பெரும்பாலும் வேறு வினை. செய்த குற்றத்துக்கு ஈடு செலுத்துவதைக் குறிக்கும்.

விதிவிலக்கும் உண்டு. விளக்கைக் குறிக்கும் 'லுகெர்னா'வில் குறில். கழுவப்பட்டது எனும் 'அப்லூதுஸ்' நெடில். அதனால் வினைச்சொல் என்றால் நிகழ்கால வடிவத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

படி 4: வரியில் வைத்துப் படியுங்கள். வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில், ஒன்பதாம் பகுதி. எதிரியிடம் கவர்ந்த தலைக்கவசத்தை அணிந்துகொண்டு யூரியாலுஸ் இரவில் நழுவிப் போகிறான். அந்த இருட்டுக்குக் கவிஞர் தரும் அடைமொழி 'சுப்லூஸ்த்ரிஸ்', அதாவது லேசாக வெளிச்சம் கசிகிற. கும்மிருட்டு என்றிருந்தால் கவசம் மின்னியிருக்காது, எதிரிக் குதிரைப்படையின் கண்ணில் அவன் பட்டிருக்க மாட்டான். அந்த ஒற்றைச் சொல்லில்தான் அவன் முடிவே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, இனி நீங்களே அகராதியைத் திறந்து பிரித்துப் பாருங்கள்: 'அல்லுவோ', 'பெல்லூகிதுஸ்', 'ப்ரோலுவோ', 'இல்லூஸ்த்ரிஸ்'.