முகத்துக்கு ஊசி: எந்தக் குறைக்கு எந்த மருந்து?

போடாக்ஸ், ஃபில்லர், ஸ்கின் பூஸ்டர், பிஆர்பி எல்லாம் விலைப்பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போட்டுக்கொள்ள முடியாது. ஒன்று தசையைத் தளர்த்தும். இன்னொன்று பள்ளத்தை நிரப்பும். வேறொன்று தோலில் ஈரத்தைத் தேக்கும். மற்றொன்று உடம்பைத் தூண்டி, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை உண்டாக்கச் செய்யும். நெற்றிக் கோட்டுக்கு ஸ்கின் பூஸ்டர் போட்டுக்கொண்டால் கோடு அப்படியேதான் இருக்கும். அதனால் மருந்தின் பெயரைத் தேடும் முன் உங்கள் குறை எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

கண்ணாடி முன் ஐந்து நிமிடம்

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில், மேக்கப் இல்லாமல் உட்காருங்கள். புருவத்தை நெரியுங்கள், உயர்த்துங்கள், கண் சுருங்கச் சிரியுங்கள். பிறகு முகத்தைத் தளர்த்துங்கள். அசைக்கும்போது வந்து தளர்த்தியதும் மறைகிற கோடு தசையால் வருவது. அது போடாக்ஸ் வேலை. தளர்த்திய பிறகும் மடிப்புத் தடம் நின்றால் போடாக்ஸ் மட்டும் போதாது.

அடுத்து, கைக்கண்ணாடியோடு மல்லாந்து படுங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோடு படுத்ததும் பாதியாகக் குறைகிறதா? அப்படியானால் கன்னத்துக் கொழுப்பும் எலும்பும் குறைந்து தோல் கீழே சரிந்திருக்கிறது. கோட்டின் மேலேயே ஃபில்லரைக் கொட்டினால் மேலுதடு கனத்துப்போகும். கன்னத்தைத் தாங்கினால்தான் கோடு இளகும்.

மூன்றாவதாக, கன்னத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். கசங்கிய துணி போல நுண்வரிகள் விழுந்தால் தோலின் தரம் குறைந்திருக்கிறது. ஸ்கின் பூஸ்டர், பாலிநியூக்ளியோடைடு (மீன் டிஎன்ஏ துணுக்கு), பிஆர்பி (உங்கள் ரத்தத் தட்டணு) ஆகியவற்றின் களம் இதுதான்.

கடைசியாக நிறம். நம் பக்கம் ‘முகம் டல்லாக இருக்கிறது’ என்று கிளினிக்குப் போகிறவர்களில் பலருக்கு உண்மையான குறை மங்கு (மெலாஸ்மா) என்ற கருந்திட்டும், பருத் தழும்பின் கருமையும்தான். மேலே சொன்ன எந்த ஊசியும் மங்குக்கு முதல் மருந்து கிடையாது. தினமும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முடிந்தால் அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை, கூடவே மருத்துவர் எழுதித் தரும் கிரீம்: அங்கிருந்து தொடங்குங்கள். டிரானெக்சாமிக் அமிலத்தைத் தோலுக்குள் சிறு சிறு புள்ளிகளாக ஏற்றுவது உண்டு, ஆனால் அது துணைச் சிகிச்சைதான். ‘வெள்ளையாக்கும்’ குளுட்டாதயோன் டிரிப்பை ஒதுக்கிவிடுங்கள். பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதற்கு எதிராகப் பொது எச்சரிக்கை விட்டிருக்கிறது.

போடாக்ஸ்: அலகைக் கேளுங்கள்

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002இல் புருவ மத்திக் கோட்டுக்கு அனுமதித்த அளவு 20 அலகு. ஐந்து இடங்களில் நான்கு நான்காக. கண்ணோரக் கோடுகளுக்கு இரு பக்கமும் சேர்த்து 24, நெற்றிக்கு 20. நெற்றிக்குப் போடும்போது புருவ மத்திக்கும் சேர்த்தே போடுவது முறை. இது பொதுக் கணக்கு. தசை வலுவைப் பொறுத்து மருத்துவர் கூட்டுவார், குறைப்பார்.

100 அலகுக் குப்பியில் 2.5 மில்லி உப்புநீர் கலந்தால் ஒவ்வொரு 0.1 மில்லியிலும் 4 அலகு இருக்கும். அதே குப்பியில் 5 மில்லி கலந்தால் 2 அலகுதான். ‘ஒரு சிரிஞ்சு போட்டோம்’ என்ற கணக்குக்கு அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். எத்தனை அலகு என்று கேளுங்கள், எந்த பிராண்டு என்றும் கேளுங்கள். டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டின் அலகு வேறு. அதில் புருவ மத்திக்கு 50. ‘அவர்கள் 20 போட்டார்கள், இவர்கள் 50 போடுகிறார்கள்’ என்று ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

மூன்று நான்கு நாளில் வேலை தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும், மூன்று நான்கு மாதம் நிற்கும். குறை தெரிந்தாலும் இரண்டு வாரம் முடியாமல் மறுபடி குத்தச் சொல்லாதீர்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் நெற்றிக்குப் போடும் முன் ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணை மூடி, விரல்களால் நெற்றியை அசையாமல் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து பாருங்கள். இமை கனத்தால் இத்தனை நாளும் நெற்றித் தசைதான் இமையைத் தாங்கி வந்திருக்கிறது. புருவத்தைத் தூக்கும் தசை அது ஒன்றுதான். அதை முழுதாகக் கட்டிப்போட்டால் மூன்று மாதமும் தூங்கி வழியும் முகமாக இருக்கும். அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது நெற்றியை விட்டுவிடுங்கள். மருந்து பரவி மேலிமையைத் தூக்கும் தசையைத் தொட்டால் இமை சரியும். அது சில வாரங்களில் தானே மீளும், அதுவரை அப்ராகுளோனிடின் சொட்டு மருந்து ஓரளவு தூக்கிக் காட்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. 2024இல் அமெரிக்காவில் போலி போடாக்ஸ் போட்டுக்கொண்ட சிலர் மருத்துவமனை வரை போனார்கள். விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஃபில்லர்: கரைக்க முடியும் என்பதே அதன் பலம்

முதல் முறை ஃபில்லர் போட்டுக்கொள்பவர், தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஜெல்லான ஹயலுரானிக் அமில வகையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. பிடிக்காவிட்டாலோ தப்பாகப் போனாலோ ஹயலுரானிடேஸ் என்ற நொதியால் கரைத்துவிடலாம். வழக்கமான சிரிஞ்சில் இருப்பது 1 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு கன்னம், உதடு, கண்ணடி மூன்றையும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடத்தையும் ஜெல்லின் கெட்டித்தன்மையையும் பொறுத்து ஆறு முதல் பதினெட்டு மாதம் நிற்கும்.

கண்ணடிப் பள்ளம் எல்லாருக்கும் ஃபில்லர் போடக்கூடிய இடமில்லை. மெல்லிய தோலில் மேலோட்டமாக இறங்கினால் நீலம் பாய்ந்தது போலத் தெரியும். கண்ணடியில் பை இருந்தால் ஜெல் தண்ணீரை இழுத்து அதை இன்னும் ஊத வைக்கும். இங்கே கருவளையம் பெரும்பாலும் நிறத்தால் வருவது. நிரப்பினாலும் கருப்பு போகாது.

பயப்பட வேண்டிய விஷயம் ரத்தக்குழாய் அடைப்பு. ஜெல் குழாய்க்குள் போனால் அந்தப் பகுதித் தோலுக்கு ரத்தம் நிற்கும். கண்ணுக்குப் போகும் கிளையை எட்டினால் பார்வையே போகலாம். மூக்கும் புருவ மத்தியும் அதிக ஆபத்தான இடங்கள். தோல் வெளுப்பது, வலை போல் நீலச் சிவப்புத் திட்டு விழுவது, போகப் போக வலி கூடுவது ஆகியவை அடையாளங்கள். பல ஃபில்லர்களில் மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் கலந்திருப்பதால் முதலில் வலி தெரியாமலும் போகும். விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் நிறம் திரும்பாமல், மறுபக்கத்தைவிட மந்தமாக இருந்தால் உடனே கிளினிக்குப் போன் செய்யுங்கள். வீங்கியிருக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். முன்பதிவு செய்யும்போதே ‘ஹயலுரானிடேஸ் இப்போது கையிருப்பில் இருக்கிறதா, எத்தனை குப்பி?’ என்று கேட்டுவிடுங்கள். 1500 அலகுக் குப்பி ஒன்று மட்டும் வைத்திருப்பது போதாமல் போகலாம். தேனீ, குளவி கொட்டி ஒவ்வாமை வந்தவர் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த நொதி அவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

தோலின் தரத்துக்கு மூன்று குடும்பங்கள், பிறகு கொலாஜன் தூண்டிகள்

ஸ்கின் பூஸ்டர் என்பதும் ஹயலுரானிக் அமிலம்தான், ஆனால் பள்ளத்தை நிரப்பாமல் பரவி நிற்கும். ப்ரொஃபைலோ என்ற பிராண்டை எடுத்துக்கொண்டால் 2 மில்லியில் 64 மில்லிகிராம். கன்னத்துக்கு ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் 0.2 மில்லி, இரு கன்னத்துக்கும் சேர்த்து ஒரு சிரிஞ்சு. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை. போட்ட இடம் கொசு கடித்தது போல் வீங்கி ஒரு நாளில் அமுங்கும். வறண்ட, மெலிந்த தோலுக்கு ஏற்றது. தொங்கும் தாடைக்குப் போட்டு எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பாலிநியூக்ளியோடைடு வகையில் பேர் பெற்றது கொரியாவின் ரெஜுரான். சால்மன் மீனிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த டிஎன்ஏ துணுக்குகள், மில்லிக்கு 20 மில்லிகிராம். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மூன்று நான்கு முறை போடுவார்கள். முகமெங்கும் நெருக்கமாகக் குத்துவதால் வலி கூடுதல். சிறு மேடுகள் இரண்டு மூன்று நாள் நிற்கும். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

பிஆர்பி உங்கள் ரத்தமே. 10 முதல் 20 மில்லி எடுத்து, சுழலியில் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் திருப்பி ஏற்றுவார்கள். மாதம் ஒரு முறை, மூன்று முறை. ஒவ்வாமைப் பயம் குறைவு. ஆனால் கருவிக்குக் கருவி, ஆளுக்கு ஆள் செறிவு மாறும். ஒருவருக்கு வந்த பலன் இன்னொருவருக்கு வரும் என்று சொல்ல முடியாது. டெங்கு வந்து தட்டணு இறங்கியவர்கள், எண்ணிக்கை சீரானதை ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே போட்டுக்கொள்ளலாம். குழாயில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா, ஊசி உங்கள் கண் முன் பிரிக்கப்படுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஓர் அழகு நிலையத்தில் இதே சிகிச்சையில் சுத்தமற்ற கருவிகளால் பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது 2018இல் வெளிவந்தது.

ஸ்கல்ப்ட்ரா, ரேடியெஸ் போன்ற கொலாஜன் தூண்டிகள் பொறுமைசாலிகளுக்கு. ஸ்கல்ப்ட்ரா போட்ட அன்று தெரியும் நிறைவு கலக்கிய தண்ணீரின் நிறைவு. சில நாளில் வடிந்துவிடும். உண்மைப் பலன் வாரக்கணக்கில் மெல்ல ஏறி இரண்டு ஆண்டு வரை நிற்கும். ஐந்து நாள், தினம் ஐந்து முறை, ஐந்து நிமிடம் மசாஜ் செய்யச் சொல்வார்கள், கட்டி விழாமலிருக்கத்தான். ரேடியெஸ் கால்சியம் சார்ந்தது. முகத்தில் சிடி ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் அது படத்தில் தெரியும், எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டையும் ஹயலுரானிடேஸ் கரைக்காது, இரண்டையும் உதட்டில் போடக் கூடாது. ஆகவே இவற்றை முதல் ஊசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எக்காலத்துக்கும் நிற்கும் திரவ சிலிக்கானை எந்த விலைக்கும் ஏற்காதீர்கள்.

விலையை ஒப்பிட

ஒரு முறைக்கான கட்டணத்தைப் பார்க்காமல் ஓராண்டுக் கணக்கைப் போடுங்கள். போடாக்ஸ் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வரும். பூஸ்டரில் முதல் சுற்றுக்கே இரண்டு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஸ்கல்ப்ட்ரா முதலில் கடிப்பது போல் இருந்தாலும் மாதத்துக்குப் பிரித்தால் சில சமயம் மலிவாக வரும்.

ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டால் முதலில் போடாக்ஸ், இரண்டு வாரம் கழித்து எஞ்சிய கோட்டுக்கு மட்டும் ஃபில்லர். தசை அடங்கியபின் ஃபில்லர் குறைவாகவே தேவைப்படும்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

கல்யாணம் போன்ற நாள் இருந்தால் ஃபில்லரையும் போடாக்ஸையும் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளை ஒரு வாரம் முன் நிறுத்தினால் ரத்தக்கட்டு குறையும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. பல் சிகிச்சையும் ஃபில்லரும் இரண்டு வாரமாவது தள்ளி இருக்கட்டும். உதட்டில் அடிக்கடி அக்கி வருமென்றால் முன்கூட்டியே மாத்திரை தருவார்கள், கேளுங்கள். போடாக்ஸ் போட்ட நான்கு மணி நேரம் படுக்கவோ முகத்தைத் தேய்க்கவோ வேண்டாம். எதைப் போட்டாலும் அன்றைக்கு உடற்பயிற்சி வேண்டாம். மாநிறத் தோலில் ரத்தக்கட்டு கரும்புள்ளியாக நிற்கலாம், சன்ஸ்கிரீனை விடாதீர்கள்.

போடுபவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, பதிவு எண் என்ன என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஃபில்லரைச் செலுத்தும் ‘ஹயலுரான் பேனா’வுக்கு எதிராக எஃப்டிஏ 2021இல் எச்சரித்திருக்கிறது, பார்லரில் அதை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பெட்டியும் குப்பியும் உங்கள் முன் திறக்கப்படட்டும். அதிலுள்ள ஸ்டிக்கரை உங்கள் கோப்பில் ஒட்டச் சொல்லி, பெயர், தொகுதி எண், காலாவதி, எந்த இடத்தில் எத்தனை அலகு அல்லது மில்லி என்பதை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து கன்னத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், கரைக்க முடிகிற பொருளா இல்லையா என்பதை வேறொரு மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.