ரோல்பிளேயிங்கில் உயர்குடிப் பிறப்புக்கு விளையாட்டு விதி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோல்பிளேயிங்கில் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துவோம். பாத்திரத்தின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டில் 'அரச குடும்பம்' என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே 'கவர்ச்சி +2' என்று போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தமிழக–கேரள எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருக்கிற எங்கள் குழு, பழைய திருவிதாங்கூரைக் களமாக வைத்து ரோல்பிளேயிங் விளையாடுகிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கேட்பது இளவரசன் பாத்திரம்தான். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பிறப்புக்காக வலிமையோ அறிவோ கூடினால், பெரிய குடும்பத்தில் பிறந்தவன் பிறவியிலேயே மேலானவன் என்று விதியே சொன்னதாகிவிடும். மேலாடைக்காக நாடார் பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போக 1936-இல் அரசாணை வரவேண்டியிருந்தது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படியொரு விதியை விளையாட்டுக்குக்கூட எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வளர்ப்பில் கிடைத்த பயிற்சியைக் கொடுப்பது வேறு விஷயம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டின் 2014 விதிகளில் பிரபு குடும்பத்துப் பாத்திரத்துக்கு வரலாறும் பேசி இணங்கவைக்கும் திறனும் கிடைக்கும். கூடவே முத்திரை மோதிரம், வம்சாவளி ஓலை, 25 பொற்காசு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024 பதிப்பில்தான் வலிமை, அறிவு, கவர்ச்சி ஆகிய பண்புகளின் உயர்வையே இந்தப் பின்னணியோடு கட்டிவிட்டார்கள். நான் நடத்தும் ஆட்டத்தில் அதை மட்டும் பிரித்துவிடுவேன்: பண்பு உயர்வை ஆடுபவர் விருப்பப்படி எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பிறப்பு, பணம், பதவி மூன்றையும் ஒரே எண்ணில் அடைப்பது. 1977-இல் வந்த டிராவலர் விளையாட்டில் சமூகநிலை என்பது இரண்டு டைஸ் உருட்டி வரும் எண். 11 வந்தால் நைட் பட்டம், 12 வந்தால் அதற்கு மேலான பாரன் பட்டம். வேகமாகப் பாத்திரம் உருவாக்க அது நல்ல வழிதான். ஆனால் கடனில் மூழ்கிய தம்புரானையும் (பரம்பரைப் பிரபு), பரம்பரைப் பெருமை எதுவும் இல்லாமல் மிளகு வியாபாரத்தில் பணம் சேர்த்தவரையும் அந்த ஒற்றை எண்ணால் வேறுபடுத்திக் காட்ட முடியாது. கர்ப்ஸ் என்ற இன்னொரு விளையாட்டின் விதிகள் அந்தஸ்து, செல்வம், பதவி என மூன்றாகப் பிரிக்கின்றன. பாத்திரம் உருவாக்கத் தரும் புள்ளிகளில் அந்தஸ்தின் ஒரு படிக்கு 5 செலவாகும். அந்தஸ்து ஏற ஏற மாதச் செலவும் ஏறும். பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குக் கூலி கொடுக்க முடியாத பிரபுவின் கதை அங்கிருந்துதான் கிளம்பும்.

மூத்த மகனுக்கே பட்டம் என்று யோசிக்காமல் எழுதிவிடுவதுதான் நம் பக்கத்தில் பெரிய தவறு. ஐரோப்பிய விதிப்புத்தகத்தை அப்படியே எடுத்தால் இது தானாக வந்துவிடும். திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம்: ராஜாவுக்குப் பின் பட்டம் சகோதரியின் மகனுக்கு. ராஜாவின் சொந்த மகன் 'தம்பி', மகள் 'தங்கச்சி'. மரியாதை உண்டு, சிம்மாசனம் இல்லை. 1729-இல் ராஜா ராமவர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் தங்களுக்கே உரிமை என்று எதிர்த்து நின்றார்கள், கடைசியில் கொல்லப்பட்டார்கள். ஒரே ராஜாவின் மகன்களும் மருமகனும்தான். எந்த முறையை யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

அதனால் எங்கள் மேசையில் ஷீட்டின் பின்பக்கம் மூன்று வரி எழுதச் சொல்வோம்: உன் பிறப்பை யார் ஏற்கிறார்கள், யார் மறுக்கிறார்கள், அதற்காக நீ யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவன். ராஜாவின் மகனான ஒரு தம்பி பாத்திரம் கல்குளம் கோட்டை வாசலுக்கு வருகிறது என்று வையுங்கள். காவலனின் தகப்பன் பழைய ராஜாவிடம் சேவகம் செய்தவன் என்றால் டைஸ் உருட்டாமலே கதவு திறக்கும். புதிய ராஜாவின் ஆள் என்றால் பேச்சுத் திறனில் உருட்ட வேண்டும், அதுவும் வந்த எண்ணில் 4 கழித்து. தோற்றால், தம்பி வந்திருக்கிற செய்தி பொழுது விடிவதற்குள் அரண்மனைக்குப் போய்விடும். அதே பாத்திரம் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே, திருவிதாங்கூருக்கு வெளியே போனால் இந்த மூன்று வரியையும் புதிதாக எழுத வேண்டும். மேலே சொன்ன 2014 விதியில் பிரபு எங்கே போனாலும் மக்கள் அவரை நல்லவராகவே நினைப்பார்கள், அந்த வட்டாரப் பிரபுவைப் பார்க்க அனுமதியும் கிடைக்கும். ஊருக்கு ஊர் மாறாத மரியாதையில் கதைக்கு என்ன இருக்கிறது?

கடமை வரியை ஆடுபவர்கள் பெரும்பாலும் காலியாகவே விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். 1985-இல் வந்த பென்டிராகன் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. அதில் தகப்பன் சேர்த்த புகழில் பத்தில் ஒரு பங்கு வாரிசுக்கு வரும். அப்புறம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நிலம், கல்யாணம், பிள்ளைகள், குதிரை உயிரோடு இருக்கிறதா என எல்லாவற்றுக்கும் டைஸ் உருட்ட வேண்டும். பிறப்பு என்பது ஒருநாள் பரிசாக இல்லாமல் வருஷா வருஷம் வந்து கதவைத் தட்டுகிற பொறுப்பாகிவிடுகிறது.

இன்னொன்று, ஒருவர் பிரபு ஆனதும் மற்ற நால்வரும் தானாகவே வேலைக்காரர்கள் ஆகிவிடுவது. பிரபுவுக்குக் கொடுக்கிற செல்வாக்குக்கு ஈடாக மற்றவர்களுக்கும் அவரவர் வட்டம் வேண்டும். களரி ஆசானின் சீடனுக்கு ஊரூராகக் களரிகளில் படுக்க இடம் உண்டு. குளச்சல் மீனவப் பெண்ணுக்குக் கரை முழுக்கச் சொந்தம். தம்பிக்கு மூடின கதவு அவர்களுக்குத் திறக்க வேண்டும், அதுவும் அடிக்கடி.

சாதி அவமதிப்பை மேசையில் நடித்துக் காட்டலாமா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். கூட்டத்தில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லப் பலர் தயங்குவார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் காட்சியை ஆடாமல், 'வாசலில் தடுத்துவிட்டார்கள்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடலாம்.