ஊர்ப் பொதுச் சுவத்துல உள்ளூர் உயிரினம் வரையலாம் வாங்க – முதல் தடவை மியூரல் (சுவர் ஓவியம்) பண்றவங்களுக்கு

சின்ன ஊர்ல ஒரு பொதுச் சுவர் கெடச்சிருக்கு, அந்தச் சுத்துவட்டாரத்துலயே வாழ்ற ஒரு பறவையோ விலங்கோ அதுல பெருசா வரையணும், ஆனா இதுவரைக்கும் பேப்பர தாண்டி எதுலயும் கை வெச்சதில்ல, அப்படி இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. வரையத் தெரிஞ்சா போதும்னு எறங்கிடாதீங்க, இதுல பாதி வேலை பிரஷ்ஷ தொடறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

ஸ்டெப் 1: எத வரையறது

சிங்கம், டால்பின்னு போகாம அந்த ஊர் ஆளுங்க நெஜமாவே பாக்கற, இல்லேன்னா பாத்து ரொம்ப நாளான ஒன்ன எடுங்க. ஆஸ்திரேலியால விக்டோரியா மாநிலத்துல கூரம்பாட்னு ஒரு குட்டி ஊரு, அங்க தானியம் சேத்து வைக்கற உயரமான சைலோல 2018ல ஜிம்மி டிவேட்ங்கற ஓவியர் ஒரு ஆந்தைய வரைஞ்சாரு, நாய் குரைக்கற மாதிரியே சத்தம் போடற ஆந்தை, அந்த மாநிலத்துல அழிவு ஆபத்துல இருக்கறது. அதே மாநிலத்துல ரோச்செஸ்டர் ஊர் சைலோலயும் அவர்தான் நீல மீன்கொத்தி வரைஞ்சிருக்காரு. அந்த மண்ணுல இருக்கற உயிர்ங்கறதாலதான் அதுக்கு அவ்ளோ மதிப்பு.

எதெல்லாம் அங்க இருக்குன்னு தெரிஞ்சிக்க, ஜனங்க பாத்த பறவை, உயிரினத்தயெல்லாம் பதிவு பண்ற ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட்ங்கற ரெண்டு வெப்சைட்லயும் அந்த ஏரியாவ தேடுங்க, அப்பறம் அங்க காலங்காலமா மீன் புடிக்கறவங்க, விவசாயம் பண்றவங்ககிட்டயும் கேளுங்க.

ஸ்டெப் 2: அந்த உயிர நல்லா பாருங்க

இங்க அவசரப்படாதீங்க, ஏன்னா ஊர்க்காரங்க கண்ணு ரொம்ப ஷார்ப், கால் தப்பா இருந்தா மொத நாளே சொல்லிடுவாங்க. கருப்பு வெள்ளை மீன்கொத்திய எடுத்துக்கோங்க, ஆணுக்கு நெஞ்சுல ரெண்டு கருப்புப் பட்டை, பொண்ணுக்கு ஒண்ணுதான், அதுவும் பெரும்பாலும் நடுவுல விட்டுப்போயிருக்கும். நெறைய பறவைக்கு முன்னாடி மூணு விரல், பின்னாடி ஒண்ணு, ஆனா கிளிக்கும் மரங்கொத்திக்கும் முன்ன ரெண்டு பின்ன ரெண்டு. பறவையோட முட்டி பின்பக்கமா மடங்குதுன்னு நாம நெனைக்கறது உண்மைல அதோட கணுக்கால், முட்டி மேல இறகுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், இது தெரிஞ்சா கால் தானா சரியா வரும்.

ஒரே போட்டோவ பாத்து அப்படியே காப்பி அடிக்க வேண்டாம், அது எடுத்தவரோட உழைப்பு, கேட்டு அனுமதி வாங்குங்க, இல்லேன்னா பல போட்டோ பாத்து சொந்தமா ஒரு போஸ் புடிங்க.

ஸ்டெப் 3: அனுமதியும் சுவரும்

சுவர் யாரோடதோ அவங்ககிட்ட எழுத்துல அனுமதி, உள்ளாட்சி சம்மதம் தேவைன்னா அதுவும். வாய்வார்த்தைய நம்பி ஆரம்பிக்காதீங்க.

அப்பறம் சுவர செக் பண்ணுங்க. உப்பு பூத்து வெள்ளையா பொடி கொட்டுதா, பழைய பெயின்ட் உரியுதா, மேல பைப்புல இருந்து தண்ணி ஒழுகுதான்னு பாருங்க. ஓதம் இருக்கான்னு சந்தேகம் வந்தா ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க, உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம், அத சரிபண்ணாம மேல என்ன அடிச்சாலும் கொப்புளிக்கும். புதுசா பூசின சுவர்னா சுமார் 28 நாள் ஆறட்டும், சிமென்ட்ல இருக்கற காரம் பெயின்ட்ட கெடுத்துடும்.

ஓட்டை அடைக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. கூடு, வௌவால், பல்லி முட்டை எதாவது இருக்கலாம். உயிரினத்த கொண்டாடற படத்துக்காக ஒரு குஞ்ச உள்ள வெச்சு சிமென்ட் பூசினா அத விட கேவலம் இல்ல. இருந்தா குஞ்சு பறக்கற வரைக்கும் காத்திருங்க. இல்லேன்னா உரிஞ்சத சுரண்டி, கழுவி, காய வெச்சு, காரத்த தாங்கற பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு அடில அடிக்கற பூச்சு, ஒரு கோட்.

ஸ்டெப் 4: படத்த சுவருக்கு ஏத்தறது

பேப்பர் ஸ்கெட்ச் 30 சென்டிமீட்டருக்கு 20, சுவர் 6 மீட்டருக்கு 4னு வெச்சுக்குவோம். 20 மடங்கு. பேப்பர்ல 2 சென்டிமீட்டர் கட்டம், சுவத்துல 40 சென்டிமீட்டர் கட்டம், கொத்தனார் மாதிரி நூல் அடிச்சு கோடு போடுங்க.

கட்டம் போர் அடிச்சா இன்னொரு வழி, சுவர் பூரா சாக்பீஸால எழுத்தும் கிறுக்கலுமா நெரப்பி போன்ல ஒரு போட்டோ எடுத்து போன்லயே ஒரு போட்டோ எடிட்டிங் ஆப்ல அது மேல ஸ்கெட்ச்ச மங்கலா வெச்சுக்கோங்க, "கண்ணு இந்த ழ-வுக்குப் பக்கத்துல, அலகு நுனி அந்த வட்டத்துக்கு மேல" அப்படின்னு பாத்துப் பாத்து வரைஞ்சிட்டே போலாம். எனக்கு இதுதான் புடிக்கும், அளவெடுக்கற தொல்லையே கெடையாது.

ஸ்டெப் 5: பெயின்ட் அடிக்கறது

வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கற பெயின்ட்) வாங்குங்க, எனாமல் (எண்ணெய் பெயின்ட்) வேணாம், அது ஈரத்த உள்ளயே அடைச்சு உரிஞ்சு வரும். வழுவழுப்பான சுவர்னா ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும், அப்போ நம்ம 24 சதுர மீட்டர் பின்னணி ரெண்டு கோட்டுக்கு 5 லிட்டர் எடுத்து வைங்க. காவி, மண் நிறம்லாம் வெயில்ல நல்லா நிக்கும், பளீர்னு இருக்கற சில சிவப்பு மஞ்சள் சீக்கிரம் வெளுத்துடும், வாங்கும்போது கேட்டுக்கோங்க.

மேல இருந்து கீழ, பெரிய ஏரியால இருந்து சின்னதுக்கு வாங்க. சுவர் சுடற நேரத்துல அடிக்காதீங்க, பிரஷ் கோடு அப்படியே காஞ்சு நிக்கும். ஒவ்வொரு இறகையும் தனித்தனியா வரைய ஆசை வரும், வேண்டாம், ரோட்டுல இருந்து பாத்தா அது வெறும் அழுக்கா தெரியும். இறகக் கூட்டங்கூட்டமா பிரிச்சு நெழல் குடுத்து, ஓரத்துல மட்டும் கொஞ்சம் நுனி காட்டுங்க. நீல மீன்கொத்தி வரையறீங்கன்னா, அந்த நீலம் இறகோட நுண்ணிய அமைப்புல ஒளி பட்டு வர்றது, வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மாறித் தெரியும், அதனால ஒரே நீலத்த அப்பாம பச்சை கலந்தது, வெளுத்தது, ஆழமானதுன்னு மூணு நீலம் பக்கத்துப் பக்கத்துல வைங்க. அடிக்கடி எறங்கி தூரமா போய்ப் பாருங்க. கண்ணுல வெள்ளப் புள்ளி கடைசில.

ஏணியோட அடிய, ஒவ்வொரு நாலடி உயரத்துக்கும் சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி வெச்சு சாய்ங்க, ஏணி எட்டாத பெரிய சுவர்னா சாரம் கட்டிடுங்க. பிரஷ் கழுவற தண்ணிய வாய்க்கால்ல ஊத்தாதீங்க, நீங்க வரையற மீன்கொத்தி அங்கதான் சாப்பிடுது.

ஸ்டெப் 6: முடிக்கறது

நல்லா காஞ்சதும் யூவி (வெயிலோட புற ஊதாக் கதிர்) தாங்கற, மினுங்காத மேட் கோட் ஒண்ணு, பளபளன்னு இருக்கற கிளாஸி கோட் வேணாம், வெயில்ல கண்ணாடி மாதிரி அடிச்சு படமே தெரியாது. கீழ ஓரமா அந்த உயிரோட ஊர்ப்பேரும் அறிவியல் பேரும் எழுதுங்க. மிச்ச பெயின்ட்ட டப்பால அடைச்சு, எந்தக் கலர் எந்த எடத்துக்குன்னு மேல எழுதி, சுவத்துக்காரங்ககிட்டயே குடுத்துட்டு வாங்க, ரெண்டு மழைக்கு அப்பறம் டச்சப் பண்ண தேவைப்படும்.