தனியாள் கல்வித் திட்டம்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

விசேட தேவையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் எதை, எப்படிக் கற்பிப்பது என்று தனித்தனியே எழுதிவைப்பதுதான் தனியாள் கல்வித் திட்டம். விசேட கல்விக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களின் திட்டக் கோப்புகளைத் தவணை முடிவில் புரட்டும்போது ஒரு சலிப்பு வரும். எழுத்து அழகாக இருக்கும். அட்டவணைக்கு வண்ணக் கோடுகூட இருக்கும். தவறுகள் மட்டும் மாறுவதே இல்லை. எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள். பிள்ளையை அடிக்காதீர்கள், நாலு பேர் முன் குறை சொல்லாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதையும் சொல்லித் தர வேண்டிய ஒருவர் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது. திட்டம் எழுதத் தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பெயரை மாற்றிப் பிரதி எடுப்பது

ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தால் திட்டமும் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியதும் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். இன்னொருத்தி அதே சத்தத்துக்குக் கைதட்டிச் சிரிப்பாள். ஜூன், ஜூலையில் இலங்கை மலையகத்தில் எங்கள் அட்டன் பக்கத்து மழை எப்படி என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் அவனை எங்கே உட்கார வைப்பது, என்ன வேலை கொடுப்பது என்று எழுதாத திட்டம் அவனுடைய திட்டமே அல்ல.

இப்போதைய நிலையைப் பாராமல் இலக்கு எழுதுவது

‘எண்களை அறிந்துகொள்வான்’ என்பது ஆசை. ‘மூன்று கோப்பை எடுத்து வை’ என்றால் இன்றைக்கு எடுத்து வைப்பானா? ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.

நாம் செய்துவிட்டுப் பிள்ளைக்குச் சரி போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கத்தில் சுவெட்டர் இல்லாமல் காலையில் பிள்ளைகள் வருவதில்லை. வெயில் ஏறினால் கழற்ற வேண்டும், பனி இறங்கினால் போட வேண்டும். ஆகவே ஜிப்பைப் பூட்டுவது நல்ல இலக்குதான். ஒரு சிறுமிக்கு அதைத்தான் எழுதியிருந்தார்கள். உதவி ஆசிரியை அவளுக்கு எதிரே மண்டியிட்டு, அவளுடைய விரல்களைத் தன் விரல்களுக்குள் வைத்து, ஜிப்பின் கீழ் நுனியைக் கோத்து, கழுத்துவரை இழுத்துவிடுவார். பிறகு பதிவேட்டில் சரி போடுவார். நாள்தோறும் இதே கதை. தவணை அறிக்கையில் ‘சுயமாகச் சுவெட்டர் அணிகிறாள்’ என்று வந்துவிட்டது.

அந்த ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனார். சிறுமி சுவெட்டரைத் திறந்து விட்டபடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். யாராவது வந்து பிடிப்பார்கள் அல்லவா? அவளுக்கு நாம் கற்பித்தது கையை நீட்டுவதைத்தான். அதைப் பிசகில்லாமல் கற்றிருந்தாள்.

ஒரு பழக்கத்தைப் புதிதாகக் கற்பிப்பதைவிட, படிந்துவிட்ட பழக்கத்தை அவிழ்ப்பதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். 5 முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி என்பது இந்த நாட்டு விதி. தேயிலைத் தோட்டங்களிலிருந்து எங்களிடம் வரும் பிள்ளைகள் பலர் எட்டு, ஒன்பது வயதில்தான் வந்து சேர்கிறார்கள். மீதமிருக்கும் காலத்தில் ஓர் ஆண்டை இப்படிக் கரைக்க யாருக்கு உரிமை?

முதலில் பதிவேட்டில் சரி போடுவதை நிறுத்துங்கள். எந்த அளவு உதவியோடு செய்தாள் என்று எழுதுங்கள்: தானாக, சொல்லிய பின், சைகை காட்டிய பின், செய்து காட்டிய பின், கை பிடித்து. ஒரு மாதம் முழுவதும் ‘கை பிடித்து’ என்றே இருந்தால் பிள்ளை முன்னேறவில்லை, அல்லது நீங்கள் கையை எடுக்கவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கற்பிப்பதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். ஜிப்பைக் கோத்து முக்கால்வாசி நீங்களே இழுங்கள். கடைசி இரண்டு அங்குலத்தை அவளிடம் விடுங்கள். வேலையை முடித்த மகிழ்ச்சி அவளுக்குக் கிடைக்கும். அது நிலைத்ததும் பாதியில் விடுங்கள். கீழ் நுனியைக் கோப்பதுதான் மிகக் கடினம், அது கடைசியில் வரட்டும். உதவும்போது எதிரே நிற்காமல் பின்னால் நில்லுங்கள். உங்கள் கை அவளுடைய விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் பின்வாங்கி, பிறகு விலக வேண்டும். ஒன்றைச் சொன்னால் மனத்துக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். மூன்றுக்கு மேல் பொறுக்க முடியாமல் கையை நீட்டுகிறவர்களே அதிகம்.

மூளைவாதத்தால் விரல் வளையாத பிள்ளையிடம் இந்த ஜிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். இழுக்கும் நுனியில் சாவி வளையம் ஒன்றை மாட்டிவிட்டால் விரலை நுழைத்து இழுக்கலாம்.

இணையத்துப் படங்கள்

‘குளித்தல்’ அட்டையில் வெள்ளைத் தொட்டியும் நுரையும். பிள்ளை குளிப்பது லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் தண்ணீர் கொட்டும் பீலியில். போய் அந்தப் பீலியைத் தொலைபேசியில் படம் எடுங்கள். அட்டையைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டாவிட்டால் பனி ஈரத்தில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

திட்டத்தை அலுமாரியில் பூட்டுவது

அதற்குப் பதில் எரித்துக் குளிராவது காயலாம்.

பெற்றோரிடம் கையொப்பம் மட்டும் வாங்குவது

அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தனியாள் திட்டம் கட்டாயமானபோதே, பெற்றோர் திட்டக் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்தது. நாம் திட்டத்தை எடுத்துக்கொண்டு பெற்றோரை வாசலில் நிறுத்திவிட்டோம். கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை வைத்தால் கொழுந்தெடுக்கும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். வராத தாயை ‘அக்கறையில்லாதவர்’ என்று குறிப்பெழுதிய ஒரு கோப்பையும் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மருத்துவமனை அறிக்கை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வரிக்கு வரி தமிழில் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். பள்ளியில் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுகிறான் என்று நாம் எழுதிவைத்த பையன், வீட்டில் அம்மாயி ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் போட்டால் தானே எடுத்துச் சாப்பிடுகிறான் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

விளையாட்டு நேரத்தைத் தண்டனையாகப் பறிப்பது

கூடாது.

வெளியேறும் வழியை எழுதாமல் விடுவது

எல்லாப் பிள்ளைகளும் கடைசிவரை நம்மிடமே இருக்க வேண்டியதில்லை. சிலர் சாதாரணப் பாடசாலைக்கு, அல்லது அங்குள்ள விசேட கல்வி அலகுக்குப் போகலாம். என்னென்ன முடிந்தால் அனுப்பலாம், அங்கே என்ன உதவி தேவை என்பதைத் திட்டத்தின் முதல் ஆண்டிலேயே எழுதுங்கள். சேர்க்கத் தயங்கும் அதிபர்கள் இருப்பார்கள். இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கடிதத்தின் முதல் பந்தியில் அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு, பிள்ளையின் உதவிப் பதிவேட்டில் கடைசி இரண்டு மாதப் பக்கங்களைப் பிரதி எடுத்து இணைத்து அனுப்புங்கள்.